அவர் வேண்டாம் என்றார்

ஜூன் 11

இதை நான் எழுதவில்லை. நான் பேசுகிறேன், போன் எழுதுகிறது. பர்வீன் காட்டிக் கொடுத்த வழி. வீட்டில் பேசுவது மாதிரிப் பேசினால் அது கன்னாபின்னாவென்று எழுதுகிறதாம். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி நிதானமாகப் பேசச் சொன்னாள். எனக்கு அது கஷ்டமில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒருவர் தினமும் சாயங்காலம் எனக்குப் புத்தகம் வாசித்துக் காட்டியிருக்கிறார். எழுத்து நடை என் காதில் இருக்கிறது. கண்ணில்தான் இல்லை. மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே சொல்வேன். போன் அதை எப்படி எழுதினாலும் சரி.

பர்வீன் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். தூத்துக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருகிறாள். அவர் என்ன சொன்னார், என்ன சாப்பிட்டார், எதற்குக் கோபப்பட்டார் என்று தினமும் குறித்து வைக்க வேண்டுமாம். "நீங்க எழுதாண்டாம்மா, பேசுங்க போதும். நான் வந்து படிச்சுக்கிடுதேன்" என்றாள்.

அவர் என்றால் என் கணவர் ஜெபநேசன். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனையில் பைபிள் பாடம் வாசித்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. ஒரு வசனத்தின் நடுவில் நின்றார். முந்திய சொல்லையே திரும்ப வாசித்தார். பிறகு சொற்கள் உடைந்து, எழுத்துகள் இடம் மாறி வந்தன. எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எனக்குப் பயம் வருவதற்கு முன்னால் வேறொன்று தோன்றியது. இவர் என்னை மாதிரி வாசிக்கிறார் என்று தோன்றியது. அதன்பிறகுதான் அவர் விழுந்தார்.

வலது கையும் காலும் வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. வேண்டாம். தண்ணீர் வேண்டுமென்றாலும் வேண்டாம்தான், போர்வை வேண்டுமென்றாலும் வேண்டாம்தான். கண்ணையும் இடது கையையும் பார்த்து நான் புரிந்துகொள்கிறேன்.

இன்று காலை கஞ்சி, மதியம் குழைந்த சோறும் பருப்பும். கோபம் இல்லை. சொல்: வேண்டாம்.

ஜூன் 13

படுக்கை விரிப்பை இரண்டு தடவை மாற்றினேன். சொல்: வேண்டாம்.

ஜூன் 17

பர்வீன் ஒரு டப்பா நிறைய பிளாஸ்டிக் எழுத்துகள் கொண்டு வந்தாள். அவருடைய பெயரை அவர் முன்னால் பலகையில் அடுக்கி வைத்தாள். அவர் பார்த்தார். குனிந்து பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சாருக்குப் படிப்பும் போயிருக்கும்மா. கண்ணு நல்லாத் தெரியுது. ஆனா எழுத்து எழுத்தாத் தெரியல."

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். பிறர் முகத்தில் அதை இன்றுதான் பார்க்கிறேன்.

தினமும் கொஞ்ச நேரம் நான் அவரோடு உட்கார்ந்து எழுத்துக் காட்ட வேண்டும் என்றாள். எனக்கு வராது என்றேன். நான் பள்ளிக்கூடம் போகாதவள் என்று நினைத்துவிட்டாள். போனேன் என்றேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று தடவை எழுதினேன் என்றேன். அவள் என்னை ஒரு வரி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு என்னென்னவோ கேட்டாள். இடது கை எது, வலது கை எது என்று யோசிக்க வேண்டியிருக்கிறதா? வாசிக்கும்போது எழுத்து அசைகிற மாதிரி இருக்குமா? சின்ன வயதில் எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினீர்களா?

"அம்மா, இதுக்கு டிஸ்லெக்சியான்னு பேரு. மூளை எழுத்த வேற மாதிரி வாங்குது, அவ்வளவுதான். மக்குன்னு அர்த்தமில்ல. இம்புட்டு நாளா ஒங்ககிட்ட யாரும் சொல்லலியா? சாரு காலேஜ்ல இருந்தவரு, அவருக்குத் தெரிஞ்சிருக்குமே."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாம்" என்றார்.

தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.

ஜூன் 21

என்னம்மா படம் வரைவீர்கள் என்று பர்வீன் கேட்டாள். தேரியைத்தான் வரைகிறேன். வேறு எதையும் வரைந்ததில்லை.

வீட்டுக்கு மேற்கே தேரி. கண்ணுக்கு எட்டுமட்டும் சிவப்பு மணல், மேடும் பள்ளமுமாக. நடுநடுவே பனை, கொல்லாமரம், உடை முள். ஆனி பிறந்தால் மேல்காற்று எழும்பி மணலைக் கிளப்பும். நேற்று இருந்த மேடு இன்று அங்கே இராது. வெளியூர்க்காரர்கள் வழி தப்பிவிடுவார்கள். எனக்கு மட்டும் அங்கே போனால்தான் தலை தெளியும்.

தமிழ் எழுத்தில் ஒரு கொடுமை உண்டு. 'கெ' என்று எழுத வேண்டுமானால் கொம்பை முன்னால் போட வேண்டும். சத்தமோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், இரண்டுக்கும் நடுவில் எழுத்து. எங்கிருந்து ஆரம்பிப்பது? நான் எங்கிருந்து ஆரம்பித்தாலும் டீச்சரின் பிரம்பு விரல் முட்டியில் விழும். ஆனால் தேரி முழுக்க அப்படித்தான் இருக்கிறது. காலையில் மேற்கே பார்த்து நடந்தால் என் நிழல் எனக்கு முன்னால் போகிறது. மேட்டின் முதுகில் ஏறுகிற மணல் உச்சியைத் தாண்டி முன்பக்கம் வந்து விழுகிறது. எது முந்தி, எது பிந்தி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கிறது. அதை அப்படியே வரைந்தேன். என் படத்தில் தூரம், பக்கம் இல்லை என்கிறார்கள். கிழக்கே நிற்கிற பனை மேற்கே நிற்கிறது என்கிறார்கள். வேண்டுமென்று செய்வதில்லை. எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

பத்தாவது தவறிய என்னை வீட்டில் எதிர்த்துக்கொண்டு கட்டிக்கொண்டவர் அவர். விடியுமுன் ஸ்கூட்டரில் ஏற்றித் தேரியில் இறக்கிவிட்டுக் கல்லூரிக்குப் போவார். படங்களைச் சென்னைக்குக் கொண்டு போனவர், பெயர் வைத்தவர், அவற்றைப் பற்றிப் புத்தகத்தில் எழுதியவர் எல்லாம் அவர்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இன்று எழுத்துப் பலகையை இடது கையால் தள்ளிவிட்டார். பொறுக்கி எடுத்தேன்.

ஜூலை 2

வசுமதி வந்தார். சென்னையில் என் படங்களை வைக்கிற ஓவியக்கூடத்துக்குச் சொந்தக்காரர். எத்தனையோ வருடப் பழக்கம். ஆனால் என்னிடம் அவர் பேசியது எல்லாம் நலமா, நலம்தான். மற்றதெல்லாம் இவரோடு.

செப்டம்பரில் கண்காட்சி. முன்பே முடிவானது. அதை ஒத்திப்போடலாமா என்று கேட்க வந்திருந்தார். படங்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன, ஒத்திப்போட வேண்டாம் என்றேன். ஒவ்வொரு படத்தையும் காட்டி, எந்த மாதத்துக் காற்று, எந்த நேரத்து வெயில் என்று சொன்னேன். அவர் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புஷ்பம்மா, நீங்க இவ்ளோ நல்லா பேசறீங்களே! புது மனுஷங்களைக் கண்டா உங்களுக்கு நடுக்கம் வந்துடும், கூட்டத்துக்கெல்லாம் கூப்பிடாதீங்கன்னு சார் சொல்வாரே."

எனக்கு நடுக்கம் இல்லை என்றேன்.

"பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவங்கன்னுதானே ஒவ்வொரு புக்லயும் போட்டோம்."

பத்து வருடம் மிதித்தேன் என்றேன்.

வசுமதி மெதுவாகக் கேட்டார்: "பிரான்ஸ் விஷயமாவது உங்களுக்குத் தெரியுமா? அங்க தங்கி வரையறதுக்கு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. டிக்கெட், தங்க இடம், கூட ஒரு மொழிபெயர்ப்பாளர், எல்லாம் அவங்க பொறுப்பு. சார்தான் பதில் போட்டார். லில்லிக்கு வேண்டாம், அவ ஊரை விட்டா படம் வராதுன்னு."

லில்லி என்பது நான்தான். அவர் மட்டும் என்னைக் கூப்பிடுகிற பெயர்.

அவர் படுத்திருந்த அறையின் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பொதுவாக யார் குரல் கேட்டாலும் ஒரு தடவையாவது வேண்டாம் என்பார்.

அவருக்கு என்மேல் அக்கறை அதிகம், வெளிநாட்டில் குளிர் தாங்காது என்று நினைத்திருப்பார் என்று வசுமதியிடம் சொன்னேன். வசுமதிக்கு மீன் குழம்பு பிடித்திருந்தது. கொஞ்சம் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 3

அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். தாடையில் கொஞ்சம் கீறிவிட்டது.

ஜூலை 4

சாயங்காலம் போனைப் புத்தகம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தது. அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தேன். நிறுத்துகிற இடம் தெரியாமல் வாசிக்கிறது. ஆனால் ஒரு வரியையும் விடுவதில்லை. இத்தனை வருடம் வாசித்தவர் எதையெல்லாம் விட்டு வாசித்தாரோ, யாருக்குத் தெரியும்.

ஜூலை 9

ரத்தினபாய் மைனி வந்தாள், இவருடைய அக்காள். மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறாள். பனங்கற்கண்டும் கருவாடும் கொண்டுவந்தாள். இவரால் கருவாடு சாப்பிட முடியாது என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பக்கவாதக்காரர்களைத் தங்க வைத்துப் பேச்சும் நடையும் பழக்குகிறார்களாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே வேலை. மைனியின் மகன் சொல்லி ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறான். செலவும் அவன் பொறுப்பு.

"இவனக் காருல கூட்டிட்டுப் போயிருதேன் புஷ்பம். மூணு மாசம். நீ ஒத்தையில கெடந்து கஷ்டப்படாண்டாம். படம் வேற இருக்கு ஒனக்கு" என்றாள். பிறகு இவரிடம் குனிந்து, "ஏல தம்பி, எங்கூட மதுரைக்கு வாரியா? பேச்சு வந்துரும்ல" என்றாள்.

அவர் இடது கையால் மைனியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

மைனி என்னைப் பார்த்தாள். "என்னட்டி சொல்லுதான்?"

"வேண்டாம்னு சொல்லுதாவ மைனி. வீட்ட விட்டு வர மனசில்ல."

"அழுதாம்லா?"

"இப்பம் எதுக்கெடுத்தாலும் அழுதாவ. இந்த நோவுக்கு அப்படித்தான்னு டாக்டர் சொன்னாவ."

மைனி கொஞ்ச நேரம் அவர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். இவன் சின்னதிலிருந்தே பிடிவாதக்காரன் என்றாள். கிளம்பும்போது அவர் விடவில்லை. முந்தானையை அவர் விரல்களிலிருந்து நான்தான் ஒவ்வொன்றாக விடுவித்தேன். இடது கையில் நல்ல பலம் இருக்கிறது.

சொல்: வேண்டாம்.

ஜூலை 10

இனி இதைப் பர்வீனுக்குப் படிக்கக் கொடுக்கப் போவதில்லை. அவளுக்கு வேண்டியதை வாயால் சொல்லிவிடலாம்.

ஜூலை 22

ஊர்ப் பெயர் எழுதிய அட்டைகளைப் பர்வீன் கொண்டுவந்திருந்தாள். திருச்செந்தூர், நாசரேத், பாளை, மதுரை. அவர் வேலை பார்த்த ஊர், படித்த ஊர், உறவு இருக்கிற ஊர். மனதில் பதிந்த பெயர் என்றால் சீக்கிரம் பிடிபடுமாம். இடது கையில் சாக்பீஸைக் கொடுத்து எழுத்தின் மேலேயே எழுதப் பழக்குகிறாள். நானும் பக்கத்தில் உட்கார்கிறேன். எழுத்தை மணலில் கீறிப் பார்ப்பது மாதிரி விரலால் தடவிப் பார்க்கச் சொல்கிறாள். அப்படிச் செய்தால் எனக்கு எழுத்து நிற்கிறது. பிரம்பு இல்லாமல் இப்படி ஒருவர் சொல்லித் தந்திருந்தால் என்று நினைத்தேன். நினைத்து என்ன.

இன்று 'பாளை'யை அவருக்கு முன்னால் நான் கண்டுபிடித்தேன். "சபாஷ்ம்மா!" என்றாள் பர்வீன். அவர் அட்டையைத் தட்டிவிட்டார்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "மதுரைக்குப் போறதாச் சொன்னாங்களே, என்னாச்சும்மா?"

அவர் வேண்டாம் என்றார் என்றேன்.

"அவரு எல்லாத்துக்கும் அதத்தானம்மா சொல்லுதாரு."

நான் அவளுடைய பையை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டாள். "மொத கொஞ்ச மாசத்துல வாரதுதாம்மா வரும். பெறவு என்ன செஞ்சாலும் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சின்னப் பெண். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஜூலை 29

ஆடிக் காற்று. தேரியில் நின்றால் கன்னத்தில் மணல் ஊசி மாதிரிக் குத்துகிறது. ஈரமான சாயத்தில் மணல் வந்து ஒட்டுகிறது. முன்பெல்லாம் அவர் அதைப் பொறுமையாகத் தட்டி எடுப்பார், படம் கெட்டுப்போகும் என்று. இந்தத் தடவை தட்டவில்லை. அப்படியே காயவிட்டேன். படம் சொரசொரவென்று மேடு மாதிரியே இருக்கிறது. இத்தனை நாள் எனக்கு இதுதான் வேண்டியிருந்தது போல.

நான் வெளியே போகிற நேரம் அடுத்த வீட்டு அன்னபாக்கியம் வந்து அவரைப் பார்த்துக்கொள்கிறாள். ஜன்னல் பக்கம் கண் கூசுகிறது என்று அவருடைய நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். "பாவம், சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்காவ" என்றாள் அவள். கண் கூச்சம்தான் காரணம் என்றேன்.

ஆகஸ்ட் 6

இன்று அவரைத் தேரிக்குக் கூட்டிப்போனேன். ஏன் என்று தெரியவில்லை. காலையில் காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. ஆட்டோக்காரர் சுப்பையா அவரைத் தூக்கி ஒரு பனைமூட்டில் பாய் விரித்து, சாய்த்து உட்கார வைத்தார். மதியத்துக்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்தில் சட்டத்தை நிறுத்தி வரைய ஆரம்பித்தேன். கல்யாணமான புதிதில் இப்படித்தான். விடுமுறை நாளில் நான் வரைவேன், அவர் பனைமூட்டில் சாய்ந்து வாசிப்பார். அவர் வாசிக்கும்போது என் கை தானாக ஓடும். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வரைந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மணலில் கை உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். பாயை விட்டுச் சரிந்து, இடது கை விரலால் மணலில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கோடு போடுவார், மூச்சு வாங்குவார், அடுத்த கோடு. வாயோரம் எச்சில் வடிந்தது. நான் எழுந்து போகவில்லை. அவர் முடிக்கும்வரை நின்று பார்த்தேன்.

மூன்று எழுத்து. முதல் எழுத்தை விரலால் தடவாமலே தெரிந்துவிட்டது. ம. அடுத்ததன் அடியில் சுழி, து. மூன்றாவதில் சங்கிலிக் கொம்பு முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் கோணல் மாணலாக ஒரு ர. எழுத்துகள் அசையவில்லை. பலகையும் இல்லை, அட்டையும் இல்லை, பக்கத்தில் இருந்து யாரும் சொல்லித் தரவில்லை. நானே வாசித்தேன். என் ஆயுசில், முதல் தடவையாக, ஒருவர் எழுதியதை நானே வாசித்தேன்.

நிமிர்ந்தபோது அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசிக்கும்போது என் உதடு அசையும். அது அவருக்குத் தெரியும்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா" என்றேன்.

அவர் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. காற்று மறுபடி எழும்பியது. அவர் உள்ளங்கையைச் செங்குத்தாக மணலில் ஊன்றி, எழுத்துக்கு மறைப்பு வைத்தார். காற்று அந்தப் பக்கமிருந்து வரவில்லை. முதலில் கொம்பு போனது. பிறகு மற்றவை போயின.

நான் போய்ச் சிவப்புச் சாயத்தைத் தட்டில் பிதுக்கினேன். மதியம் சுப்பையா வரும்வரை வரைந்தேன். நல்ல படம்.

ஆகஸ்ட் 7

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 8

கஞ்சியைத் துப்பிவிட்டார். சேலை மாற்றினேன். சொல் ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 9

தேரிக்குப் போனீர்களாமே, சார் ஏதாவது எழுதிப் பார்த்தாரா என்று பர்வீன் கேட்டாள். சுப்பையா சொல்லியிருப்பார். ஒன்றும் எழுதவில்லை என்றேன்.

அவள் அட்டைகளைப் பரப்பினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் போகும்வரை திறக்கவில்லை. "சாரு விட்டுட்டாரும்மா" என்றாள் வாசலில் நின்று.

ஆகஸ்ட் 12

ரத்தினபாய் மைனிக்கு நானே போன் செய்தேன்.

"மனசு மாறிட்டானா?" என்று கேட்டாள்.

"ஆமா மைனி."

"இப்பம் எடம் இருக்கோ என்னமோ. அன்னைக்கே வந்திருக்கலாம்லா, பிடிவாதம் பிடிச்ச பய" என்று சொல்லிவிட்டு அழுதாள். மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

அவருக்கு இளநீர் வழுக்கையை மசித்துக் கொடுத்தேன். இரண்டு கரண்டி இறங்கியது.

ஆகஸ்ட் 18

கார் வந்தது. இடம் கிடைத்துவிட்டது, ஆனால் ஒரு மாதத்துக்குத்தானாம். துணிமணி, மாத்திரை, மூக்குக்கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்தேன். கண்ணாடி எதற்கு என்று மைனி கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

நானும் வருகிறேன் என்றேன். படத்தை முடி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் மைனி. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

பின் சீட்டில் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, சட்டைக் காலரைச் சரிசெய்தேன். தாடையில் அந்தக் கீறல் ஆறிவிட்டது, தடம் மட்டும் இருக்கிறது. போய் வாருங்கள் என்றேன். அவர் எதிரே இருந்த சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் வந்து விரிப்புகளைத் துவைத்தேன். எல்லாம் காய்ந்த பிறகும் அந்த வாடை போகவில்லை.

ஆகஸ்ட் 31

மைனி போன் செய்தாள். அவள் குரலே வேறாக இருந்தது.

அங்கே படங்களைக் காட்டிக் கேள்வி கேட்கிறார்களாம். ஆம் என்றால் ஒரு படத்தைத் தொட வேண்டும், இல்லை என்றால் இன்னொன்றை. ஒருநாள் மைனியே அப்படி வைத்து அவரிடம் கேட்டிருக்கிறாள்.

"நான் மொதல்ல வந்து கூப்பிட்டேம்லா, அன்னைக்கு எங்கூட வரணும்னு ஒனக்கு இருந்துச்சான்னு கேட்டேன். ஆமான்னு தொட்டான். திரும்பக் கேட்டேன். ஆமாங்கற படத்தப் போட்டு அடி அடின்னு அடிக்கான். நீ ஏம்ட்டி அப்படிச் சொன்ன?"

"அவிய அப்படித்தான் சொன்னாவ மைனி."

"ஒனக்குத் தெரியாதா அவன் எதுக்கும் அதத்தான் சொல்லுவான்னு?"

டாக்டர் என்ன சொன்னார் என்பதை அவளே சொன்னாள். கையில் இனி அசைவு வராது. பேச்சில் கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம். தாமதமாகிவிட்டது.

"நீ இங்க வராண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 3

வசுமதி போன் செய்தார். படங்களுக்குப் பெயர் சொல்லுங்கள் என்றார். இந்தத் தடவை பெயர் இல்லாமலே இருக்கட்டும் என்றேன். உங்களைப் பற்றி என்ன போடுவது என்றார். பத்து வருடம் பள்ளிக்கூடம் போனவள், டிஸ்லெக்சியா உள்ளவள், தேரியை வரைகிறவள் என்று போடச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். "சாரைப் பத்தி?" என்று கேட்டார். கணவர் மதுரையில் இருக்கிறார் என்றேன்.

செப்டம்பர் 11

ரயிலில் இருந்து பேசுகிறேன். எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மாள், இவள் யாருக்குச் செய்தி வாசிக்கிறாள் என்கிற மாதிரிப் பார்க்கிறாள்.

நாளைக்குச் சென்னையில் திறப்பு. படங்கள் முந்தியே லாரியில் போய்விட்டன. காலையில் பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். மைனி வராதே என்றாள். இருந்தாலும் போனேன்.

நீளமான கூடம். ஏழெட்டுப் பேர், வயதானவர்களும் சின்ன வயதுக்காரர்களும், மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பந்து பிசைந்துகொண்டிருந்தார்கள். அவர் ஓரத்தில் இருந்தார். இளைத்திருந்தார். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். மைனி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பையை எடுத்து, காலியாக இருந்த நாற்காலியின் மேல் வைத்தாள். நான் நின்றேன்.

அங்கே பேச்சுப் பழக்குகிறவர் ஒரு இளைஞர், ராஜதுரை என்று பெயர். நான் யார் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "இப்ப நாலஞ்சு வார்த்தை வருதும்மா. தண்ணி சொல்றாரு, வலி சொல்றாரு, அக்கா சொல்றாரு. அந்தப் பழைய வார்த்தை கொறஞ்சிருச்சு. நீங்க பேசுங்க, தெரிஞ்ச குரலு நல்லது" என்றார்.

நான் அவர் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இருந்தன. பிரான்ஸைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி, பர்வீன் சொன்ன பெயரைப் பற்றி. முகத்தைப் பார்த்ததும் இரண்டுமே வாயில் வரவில்லை.

"நாளைக்கு மெட்ராஸ்ல தொறக்காவ" என்றேன். "என்னையப் பேசச் சொல்லுதாவ. சாயங்காலம் ரயிலு. நீங்க இருன்னு சொன்னா இருந்துருதேன். இங்கயே கெடக்கேன். நீங்க சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். காரில் ஏறிய நாளிலிருந்து, இல்லை, தேரியில் இருந்த அந்த நாளிலிருந்து, இப்போதுதான் பார்க்கிறார். வாயைக் குவித்தார். காற்றுத்தான் வந்தது. கண்ணாடி மூக்கில் இறங்கியது. மறுபடி குவித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"போ."

ராஜதுரை கைதட்டினார். "புது வார்த்தை! அய்யா, இன்னொருக்கச் சொல்லுங்க!"

மைனி எழுந்தாள். "கேட்டியா? வெரட்டுதான் ஒன்ன. கெளம்பு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பாதி அசையாது. அசைகிற பாதியில் எனக்குப் பழக்கமான எதுவும் இல்லை. கோபமா, அனுப்பிவைக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முகத்தை இத்தனை வருடம் பார்த்தும் அதை ஒருநாளும் நான் வரைந்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எந்தப் 'போ' என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், சொல்வதற்கு அவரிடம் வேறு சொல் இல்லை. இறங்கியிருந்த கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, எழுந்து வந்துவிட்டேன்.